மூன்றாவது அழைப்பு

நாள் 212, 10:40. நிலவு, தென்முனைக் குடியிருப்பு, நீதிமன்ற அறை.

இன்று நான் சொல்லாதது ஒரு பெயர், மூன்றாம் முறை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் இங்கே எழுத்தர். டவாலி இல்லாததால் பெயர் கூப்பிடுவதும் என் வேலை. தேர்தலைத் தள்ளிப்போட்ட நிர்வாகம் போன மாதம் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரே அமர்வில் மூன்று முறை கூப்பிட்டும் மனுதாரர் வராவிட்டால் மனு தள்ளுபடி. காற்று வடிகட்டி மெக்கானிக் இசக்கிமுத்து, தேர்தல் கேட்டுச் சுவரொட்டி ஒட்டியவர். விடுதலை கேட்டு மனுப் போட்டிருக்கிறார். அவரை அடைத்து வைத்திருப்பதும் நிர்வாகம்தான்; எப்படி வருவார்? மனு நிலுவையில் இருக்கும்வரை அவரை ஏழாம் சுரங்கத்துக்கு அனுப்ப முடியாது. அங்கே போனவர் எவரும் திரும்பியதில்லை.

இரண்டு முறை கூப்பிட்டேன். பிறகு இருமினேன். நீதிபதி நசீமா காணொளி இணைப்பில்: “தொண்டை கட்டிருச்சாம்மா? சரி, நாளைக்குப் போடுங்க.”

நாள் 218, 10:35.

ஏழாவது நாளாக இருமல். இசக்கிமுத்துவின் மனைவி செண்பகத்தின் செய்தி: “எக்கா, அவியள இன்னைக்கும் கூட்டிட்டு வரலையே. நீங்க வெந்நியில உப்பு போட்டுக் கொப்பளிச்சிராதீய. தொண்ட சரியாயிரும்.”

சிரித்தேன்.

நாள் 224, 11:05.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து: “மேடம், உங்க மெடிக்கல் ரிப்போர்ட் பாத்தோம். தொண்டை ஜம்முனு இருக்கு. எதுக்குக் கஷ்டப்படறீங்க? நாளையிலேருந்து மெஷினே கூப்பிடும்.”

நீதிபதியும் இணைப்பில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் படித்த வரலாறுகளில் நீதிமன்றங்களைப் பூட்டியவர்கள் குறைவு. பெரும்பாலும் திறந்தே வைத்திருந்தார்கள். விளக்கு எரியும், முத்திரை விழும், எல்லாம் நேரத்துக்கு நடக்கும். களைப்பாக இருக்கிறது.

நாள் 225, 10:31.

இயந்திரம் மூன்று முறை கூப்பிட்டது. ஒன்பது நொடி. உச்சரிப்பு சுத்தம்.

நீதிபதி வாய் திறக்குமுன்பே என் விரல்கள் ‘மனு தள்ளுபடி’ என்று தட்டச்சு செய்திருந்தன. பதினோரு வருடப் பழக்கம். யாரும் செய்யச் சொல்லவில்லை. நானே. அவர் திரையில் அதைப் படித்தார். கையெழுத்திட்டார்.

10:52.

செண்பகம்: “எக்கா, ஸ்பீக்கர்ல அவிய பேரு முழுசா மூணு தடவ கேட்டுச்சு. வந்துட்டாவளா?”

எழுதி அழித்தேன். மறுபடி

11:50.

இசக்கிமுத்துவை ஏழாம் சுரங்க வண்டியில் ஏற்றினார்கள். பட்டியலில் மீதியிருந்த ஆறு வழக்குகளும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தன.