கண்ணாடி போட்டவள் வரைந்த கோல் கம்பம்

ஜூலை 2, செவ்வாய்

இன்றும் மூன்று பேர் என்னிடம் கணக்கில் சந்தேகம் கேட்டார்கள். இன்றும், "யோசிச்சுப் பாரு, உனக்கே வரும்" என்று ஞானி போலச் சொல்லி அனுப்பினேன். எனக்கே வராத கணக்கு அது.

மூன்றாம் வகுப்பில் கண்ணாடி மாட்டிய நாளிலிருந்து நான் 'புரொபசர்'. அதற்கு முன் கரும்பலகை தெரியாத மக்கு. வருஷா வருஷம் கண்ணாடிதான் தடிக்கிறது, கணக்கு ஏறவில்லை. யாரிடமாவது கேட்கலாம். ஆனால் புரொபசர் போய் யாரிடம் கேட்பாள்?

ஜூலை 4, வியாழன்

பேருந்தில் பக்கத்து இருக்கையில் பயில்வான். பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர், கடைசி பெஞ்ச். தோள் அகலமானவனுக்கு மூளை இருக்காது என்பது எங்கள் வகுப்பின் ஏகமனதான தீர்மானம்.

நான் ஒரு கோபுரத்தின் உயரம் காணும் முக்கோணக் கணக்கோடு முழிப்பதைப் பார்த்தான். "கோபுரத்தை விடு. அதைக் கோல் கம்பம்னு நெனச்சுக்கோ. ஆளு எங்க நிக்கிறான், கம்பத்தோட உச்சிய எவ்ளோ அண்ணாந்து பாக்குறான், அவ்ளோதான்." ஜன்னல் தூசியில் வரைந்தும் காட்டினான்.

புரிந்துவிட்டது. நிஜமாகவே.

ஜூலை 9, செவ்வாய்

நேற்று எழுதிய கணக்குத் தேர்வின் தாள் திருத்தி வந்தது. ஒவ்வொரு கணக்குக்கும் ஓரத்தில் குட்டியாக ஒரு கோல் கம்பம் வரைந்திருந்தேன். அவனும்தான்.

கணக்கு சார் இரண்டு தாளையும் தூக்கிக் காட்டினார். "ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. யாரைப் பாத்து யாரு எழுதினதுன்னு நான் வேற சொல்லணுமா?" வகுப்பே சிரித்தது. அவனுக்கு முட்டை. எனக்கு 'வெரி குட்'.

எழுந்து சொன்னேன். "சார், அவன்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தான்."

"உனக்கு ரொம்ப நல்ல மனசும்மா. உக்காரு."

நான் முதல் பெஞ்ச், அவன் கடைசி பெஞ்ச். அங்கிருந்து என் தாள் தெரிகிற கண் இருந்தால் அதைப் பொருட்காட்சியில் வைக்கலாம். உட்கார்ந்து மனசுக்குள்ளேயே கேட்டேன்: கோல் கம்பத்தை நான் ஏன் சார் வரையப்போறேன்? நான் பந்துகிட்ட போனதே ஒரே ஒரு தடவை, அதுவும் அதுவா வந்து என் மூஞ்சில பட்டுச்சு.

ஜூலை 10, புதன்

"விடு புரொபசர், எனக்குப் பழகிடுச்சு" என்றான். எனக்குப் பழகவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

அடுத்த தேர்வில் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டான். "எழுதினாலும் முட்டை, எழுதலைன்னாலும் முட்டை."

சாருக்கு ஏக திருப்தி. "பாத்தீங்களா? இந்தத் தடவை காப்பியடிக்க வழியில்ல." இன்னொரு முறை இப்படியானால் கணக்குப் பிரிவிலிருந்தே அவனை எடுத்துவிடுவாராம். பயில்வான் சரியென்று தலையாட்டினான். தனக்கு மூளை இல்லை என்று அவனே நம்ப ஆரம்பித்துவிட்டானா?

ஜூலை 18, வியாழன்

சார் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். ஒரு கோபுரம், இரண்டு ஆட்கள். ஒருவருக்குக் கோணம் முப்பது, இன்னொருவருக்கு அறுபது. தள்ளி நிற்பவருக்கு அறுபது போட்டேன். இடித்தது. முழித்தேன். வகுப்பு பயபக்தியோடு காத்திருந்தது, புரொபசர் ஆழமாக யோசிக்கிறாளாம்.

போதும் என்று தோன்றியது. சாரை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேட்டேன். "எனக்குத் தெரியல. எங்க தப்பு?"

அவன் தலையைத் தூக்காமல் சொன்னான். "தள்ளி நிக்கிறவன் எதுக்கு அவ்ளோ அண்ணாந்து பாக்கணும்? கிட்ட நிக்கிறவனுக்குத்தான் அறுபது. மாத்திப் போடு."

மாற்றினேன். அங்கிருந்து வரிவரியாக அவன் சொல்ல, நான் எழுத, விடை வந்தது. சார் என் பலகையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். இந்த முறை யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று அவர் கேட்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

மாதத் தேர்வில் அவனுக்கு எண்பத்தொன்பது. எனக்கு ஐம்பத்துநாலு, கலப்படமில்லாதது. அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி பவர் மாத்தணுமோ?" என்றாள்.

ஜூலை 29, திங்கள்

பழைய முட்டையைப் பற்றி சார் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. ஆனால் இன்று புதுக் கணக்கு தொடங்கும்போது, கோபுரம் வரையப் போன கை நின்றது. ஒரு கோல் கம்பம் வரைந்தார்.

"சார், கம்பம் சாஞ்சிருக்கு" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல்.

சார் அழித்துவிட்டு நேராக வரைந்தார்.