உன் அம்மாவுக்கு இங்கிலீஷில் மரியாதை

திருத்தணி

அன்பு மகன் ஆகாஷுக்கு, சித்தப்பா கங்காதரன் எழுதுவது. முருகன் புண்ணியத்தில் உன் அம்மா, நான், உன் சித்தி பிரபாவதி மூவரும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் அந்த நோரா டீச்சரும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி நைனா. நோராவைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று நீ கேட்டதிலிருந்து உன் அம்மா சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை அல்லவா, நிறம், மதம் என்று நீ பயந்தாய், அதெல்லாம் இல்லை. கீரை ஆய்ந்துகொண்டே ஒரு நாள் என்னிடம் கேட்டார்கள், 'ஏம்பா கங்காதரா, அந்தப் பொண்ணு பேசற பாஷையில அவங்க இவங்கன்னு ஒண்ணு இருக்குதா, இல்ல எல்லாரையும் அவ இவதானா?' உன் அப்பா போன பிறகும் இந்த ஊரில் தலை நிமிர்ந்து வாழ்ந்தவர்கள், வருகிற மருமகள் வாயால் அவள் என்று கேட்க வேண்டுமா என்பதுதான் கவலை.

நான் எட்டாவதோடு நிறுத்தினாலும் இங்கிலீஷ் எனக்கு ரத்தத்தில் ஓடுவது உனக்குத் தெரியும். லாட்ஜ் வரவேற்பில் உட்கார்ந்து பாதி உலகத்துக்கு மலைக்கு வழி சொன்னவன், ஒரு ஜெர்மன்காரர் நீங்கள் லண்டனில் படித்தவரா என்று விசாரித்துவிட்டுத்தான் சாவியையே வாங்கினார். இருந்தாலும் பக்கத்து வீட்டு ஸ்வீட்லின் டீச்சரைக் கேட்டேன். ஒருவர் என்றால் இஸ், பலர் என்றால் ஆர், அவ்வளவுதான் மாமா என்றாள். கலெக்டருக்கு? 'இஸ்.' ராணிக்கு? 'அவங்களுக்கும் இஸ்.' கடவுளுக்கு? 'தேவன் ஒருத்தர்தானே, இஸ்.' எங்க முருகர் வள்ளி தெய்வானையோட மூணு பேரா நிக்கிறாரே, ஆர் போடலாமில்ல என்றேன். 'ஆங், பொண்டாட்டிங்களால வந்த மரியாதைன்னு சொல்லுங்க' என்று சிரிக்கிறாள். இன்னொரு அதிசயம் கேள், எதிரில் இருப்பவரை யூ என்றால் மட்டும் ஒற்றை ஆளுக்கும் ஆர் வருமாம், தெரு நாய்க்கும்கூட. அந்தப் பக்கம் திரும்பிப் போனால் உடனே இஸ்! இதைச் சொன்னதும் உன் அம்மா, 'நம்ம சொந்தக்காரங்க மாதிரியே இருக்குதே' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வெள்ளைக்காரன் மறந்துபோனதை நாம் சரிசெய்வோம், பெரியவர்களுக்கு ஆர்தான் என்று அன்றே முடிவெடுத்தேன். போன ஞாயிறு நீ டியூட்டியில் இருந்தபோது நோரா தானாகவே வீடியோவில் கூப்பிட்டாள். மை அண்ணி ஆர் குட், மை அண்ணி ஆர் குக்கிங் என்று பொழிந்தேன். உங்களுக்கு எத்தனை அண்ணிகள் என்று கேட்டாள். ஒன்லி ஒன், பட் வெரி பிக் என்றேன். மரியாதைக்காக ஒருவரைப் பலராக்குவது எங்கள் வழக்கம் என்று விளக்கியபோது அவள் சிரிக்கவில்லை நைனா. எந்த வயதிலிருந்து ஒருவர் பலராவார், கணவனுக்கும் உண்டா, சண்டை வந்தால் மறுபடி ஒருவராகிவிடுவாரா என்று துருவித் துருவிக் கேட்டாள், நானும் பேராசிரியர் மாதிரி பதில் சொன்னேன். கடைசியில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, 'யுவர் அண்ணி ஆர் ஈட்டிங் வெல்?' என்றாள்.

அடுப்படியிலிருந்து உன் அம்மா, 'இன்னாப்பா சொல்லுது?' என்றார்கள். நீங்கள் நன்றாகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறது, உங்களுக்காகத் தன் பாஷையையே வளைத்து மரியாதை போட்டுக் கேட்கிறது என்றேன். கரண்டியோடு ஓடி வந்தார்கள். 'ஐயோ, அது புள்ளைங்களுக்குப் பாடம் சொல்ற பொண்ணாச்சே! எனக்காவ தப்புத்தப்பாப் பேசிக்கினு ஸ்கூல்ல திட்டு வாங்கப் போவுதுப்பா. அங்க ஒழுங்காவே பேசச் சொல்லு. நம்ம வூட்டுக்கு வந்தப்புறம் இப்படிப் பேசட்டும், போதும்.'

நம்ம வூட்டுக்கு! நான் ஒன்றும் பேசாமல் போனை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன், என் வாழ்க்கையில் நான் வாயை மூடியது அன்றுதான் என்று உன் சித்தி சொல்கிறாள். இருவரும் பாஷையே இல்லாமல் வெகுநேரம் பேசினார்கள்.

நீயும் அவளும் நூறாண்டு நன்றாக இருங்கள். சம்மதமா என்று இனி அம்மாவிடம் கேட்டு வைக்காதே, எந்தத் தேதி என்று மட்டும் கேள். ஆடிக் கிருத்திகை சமயத்தில் மட்டும் வேண்டாம், லாட்ஜில் எனக்கே நிற்க இடமிருக்காது.

இப்படிக்கு,
உன் கல்யாணத்தில் இங்கிலீஷில் வரவேற்புரை ஆற்றவிருக்கும்
சித்தப்பா கங்காதரன்