பன்னிரண்டு பக்கெட் தண்ணீர் என்று நான் எழுதியது தவறு என்பது குறித்து

அனுப்புநர்:
பிளம்பர் வேலை பார்ப்பவன்,
மழலையர் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன்,
பள்ளிக்குப் பின்புறத் தெரு, மாடி வீடு.

பெறுநர்:
மழலையர் கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: மழலையர் வகுப்பின் தண்ணீர்த் தொட்டிக்குச் சீல் வைக்கப்பட்டது – வகுப்பு ஆசிரியை ஆவண அறைக்கு மாற்றப்பட்டது – இரண்டுக்கும் காரணமான புகாரைக் கொடுத்தவனே அதைத் திரும்பப் பெற வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. சென்ற மாதம் 3ஆம் தேதி நான் அளித்த புகார் மனு.
2. அதே மாதம் 14ஆம் தேதியிட்ட தங்கள் உத்தரவு.
3. இந்த வாரம் திங்கட்கிழமை வந்த பணிமாற்ற உத்தரவு.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த ஒன்பது ஆண்டுகளில் பல்வேறு அலுவலகங்களுக்கு நான் நாற்பத்தாறு மனுக்கள் எழுதியிருக்கிறேன். எரியாத தெரு விளக்கு, மூடாத சாக்கடை, பேருந்து நிறுத்தத்தில் நிற்காத பேருந்து என எல்லாவற்றுக்கும் எழுதியாயிற்று. எங்கள் தெருவில் என்னை ‘மனு சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் இருக்கும் கிண்டல் எனக்குப் புரியாமல் இல்லை, நான் பொருட்படுத்துவதில்லை. நாற்பத்தைந்து மனுக்களுக்கு இன்றுவரை ஒரு வரி பதில் கிடையாது. நாற்பத்தாறாவது மனுவின் மேல் மட்டும் தாங்கள் பதினோரே நாளில் நடவடிக்கை எடுத்தீர்கள். அதற்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன். ஆனால் ஐயா, எழுதியதிலேயே தப்பான மனு அது ஒன்றுதான். போயும் போயும் அதைத்தானா எடுக்க வேண்டும்!

2. அந்த மனுவில் நான் கூறியிருந்தது தங்கள் கோப்பில் இருக்கும். இருந்தாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு நாலரை வயது. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவோம். காலையில் இஸ்திரி போட்ட உடுப்போடு போகிறவள் மாலையில் முழங்கை வரை ஈரமாக வருவாள். ஷூவைக் கவிழ்த்தால் ஒரு கை மணல் கொட்டும். “இன்னிக்கு என்ன படிச்சே?” என்று கேட்டேன். “தண்ணி” என்றாள். மறுநாள் கேட்டேன். “மண்ணு.” மூன்றாம் நாள், “இன்னிக்கு நான் படிக்கலப்பா, நான் பஸ்ஸா இருந்தேன். எல்லாரும் ஏறினாங்க” என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், பள்ளி ஜன்னலுக்கு வெளியே வேலிச்செடி மறைவில் இருபது நிமிடம் நின்று பார்த்தேன். ஜன்னல் விளிம்புக்கு மேலே தெரிந்ததை மட்டும்தான் பார்க்க முடிந்தது. பிள்ளைகள் சின்னச் சின்ன பக்கெட்டில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்க் கவிழ்த்துக்கொண்டே இருந்தார்கள். எண்ணினேன். பன்னிரண்டு பக்கெட். இருபத்திரண்டு வருடமாகச் சொட்டும் குழாயை நிறுத்தியே சோறு தின்கிறவன் நான். அந்தக் காட்சி எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தாங்களே எண்ணிப் பாருங்கள். அன்று மாலையே பதினோரு பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினேன். என் மனைவி மட்டும் கையெழுத்துப் போடவில்லை. “உள்ள போய் டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்களேன். என்ன குறைஞ்சா போயிடுவீங்க?” என்றாள். மனுவுக்கென்று ஒரு முறை இருக்கிறது என்று அவளுக்கு நான் பதில் சொன்னேன். கேட்டிருக்கலாம்.

3. தங்கள் உத்தரவுப்படி அலுவலக உதவியாளர் வந்து நீலத் தண்ணீர்த் தொட்டியை மூடி, அதன் குறுக்கே காகிதம் ஒட்டி, முத்திரை குத்திச் சென்றார். மணல் தட்டும் மரக்கட்டைகளும் அலமாரிக்குள் போயின. ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வந்தது. என் மகள் காய்ந்த உடுப்போடு வீடு திரும்பினாள். நோட்டில் நான்கு பக்கம் ‘அ’ எழுதியிருந்தாள். இரண்டு நாள் நான் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

4. மூன்றாம் நாள் காலை, ஒரு வீட்டில் குழாய் வெடித்துவிட்டது என்று போன் வந்தது. கிளம்புகிற அவசரத்தில் என் டூல்ஸ் பெட்டியை எடுக்கப் போனால், அதன் குறுக்கே பழைய பேப்பர் கீற்று ஒட்டியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியிலும் ஒட்டியிருந்தது. குளியலறைக் கதவிலும்தான். என் மனைவியின் மூக்குக் கண்ணாடிக் கூட்டில்கூட. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் மகள் நின்றாள். “சீல் வெச்சாச்சு. தொறக்கக் கூடாது.”

“அம்மாடி, அங்க ஒரு வீடே மிதக்குதுடா” என்று கெஞ்சினேன்.

“மனு எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன் ஐயா, வேறு வழியில்லை. அவள் அதைத் தலைகீழாகப் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, வெகுநேரம் படித்தாள். பிறகு, “நாளைக்கு வாங்க” என்றாள். என் மனைவி அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்தச் சொற்றொடரை மகள் எங்கே கற்றாள் என்று தாங்கள் கேட்கலாம். ஒன்பது வருடமாக ஒவ்வொரு அலுவலகத்துக்கும் போய்விட்டு வந்து நான் வீட்டில் சொல்லும் முதல் வரி அதுதான். இதைப் புகாராகச் சொல்லவில்லை, தகவலுக்காக மட்டும் தெரிவிக்கிறேன்.

வகுப்பிலும் இதே கதைதான் என்று பிறகு தெரிந்தது. விளையாட்டுச் சாமானை எடுத்துவிட்டதால் பிள்ளைகள் அலுவலகம் விளையாட ஆரம்பித்திருக்கிறார்கள். சாப்பாட்டு டப்பாவுக்கு, தண்ணீர் பாட்டிலுக்கு, டீச்சர் நாற்காலிக்கு, தூங்கிக்கொண்டிருந்த ஒரு பையனின் வாய்க்கு என எல்லாவற்றுக்கும் சீல்.

5. சென்ற வாரம் வியாழக்கிழமை தலைமையாசிரியை என்னை அழைத்தார். உத்தரவின்படி, வகுப்பறைத் தொட்டிக்குப் போகும் குழாயை நிரந்தரமாக அடைக்க வேண்டுமாம். இந்தப் பகுதியில் பிளம்பர் நான் ஒருவன்தான். என் மனுவின் வேலையை என்னையே செய்யச் சொல்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

குழாயை அடைக்கக் குனிந்தபோதுதான் ஜன்னல் விளிம்புக்குக் கீழே இருந்தது என் கண்ணில் பட்டது. தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு புனல். புனலுக்குக் கீழே துண்டுக் குழாய்கள், வளைவுக்கு எல்போ போட்டு, சரிவு பார்த்து, சுவரோரமாகத் திரும்பி வந்து, மறுபடி அதே தொட்டியில் முடிந்தன. இணைப்புகளில் களிமண் அப்பியிருந்தது. ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அந்தத் துண்டுகள் என்னுடையவை ஐயா. வேலை முடிந்து வீட்டு வாசலில் நான் எறிந்த மிச்சங்கள். ஒவ்வொன்றாக என் மகளின் பையில் போயிருக்கின்றன.

வகுப்பில் ‘புயல்’ என்று பெயரெடுத்த சிறுமி ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “இவ்ளோ தண்ணி எங்கம்மா போகும்?” என்று கேட்டேன்.

“எங்கயும் போகாது மாமா. காலைல ஒரு பக்கெட்தான் டீச்சர் ஊத்துவாங்க. அதேதான் சுத்திச் சுத்தி வரும். சாயந்தரம் செடிக்கு ஊத்திடுவோம்.”

பன்னிரண்டு பக்கெட் அல்ல. ஒரே பக்கெட், பன்னிரண்டு தரம். இதைக் கண்டுபிடிக்க ஒரு பிளம்பருக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. என் தொழில் வட்டாரத்தில் இது வெளியே தெரிய வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

“இது என்ன விளையாட்டு?” என்றேன்.

“சிட்டு அப்பா விளையாட்டு. ஒருத்தர் ‘லீக்கு லீக்கு’ன்னு கத்தணும். சிட்டு அப்பா ஓடி வரணும். ‘நகருங்க நகருங்க, நான் பாத்துக்கறேன்’னு சொல்லணும். தினம் யாரு சிட்டு அப்பான்னு சண்டை வரும். அதனால டீச்சர் சீட்டுப் போட்டுக் குடுத்தாங்க.”

நான் குழாயை அடைக்கவில்லை. உதிரிப் பாகம் கிடைக்கவில்லை என்று தலைமையாசிரியையிடம் பொய் சொல்லிவிட்டு வந்தேன். தேவைப்பட்டால் அதற்கும் தனியாக விளக்கம் எழுதித் தருகிறேன்.

6. அந்த வகுப்பில் படிப்பே இல்லை என்று எழுதியிருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த தாளையும் அன்று பார்த்தேன். ஒரு நெட்டை பாட்டில், ஒரு குட்டை பாட்டில். எதில் தண்ணீர் அதிகம் பிடிக்கும் என்று வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஆளுக்கொரு கோடு போட்டிருக்கிறது. டீச்சர் விடையைச் சொல்லவே மாட்டாராம், ஊற்றித்தான் பார்க்க வேண்டுமாம். ஊற்றிப் பார்ப்பதற்குள் சீல் வந்துவிட்டது. அன்று மாலை எங்கள் குளியலறையில் அதே போன்ற இரண்டு பாட்டிலை வைத்துக்கொண்டு நானும் மகளும் உட்கார்ந்தோம். நான் நெட்டைக் கட்சி. அவள் குட்டைக் கட்சி. குட்டை பாட்டில் நெட்டையை நிரப்பிவிட்டு, இன்னும் அரை டம்ளர் மிச்சம் வைத்தது. “அப்பா, பாத்தா தெரியாது, ஊத்தினாத்தான் தெரியும்” என்றாள். முழங்கை வரை நனைந்து எழுந்தேன்.

7. இந்த வாரம் திங்கட்கிழமை பணிமாற்ற உத்தரவு வந்தது. டீச்சரிடம் தாங்கள் விளக்கம் கேட்டதற்கு, “ஒருமுறை நேரில் வந்து பாருங்கள் ஐயா” என்று ஒரே வரியில் அவர் எழுதினாராம். அது திருப்திகரமாக இல்லையாம். வெள்ளிக்கிழமை மாலையோடு அவர் இந்த வகுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, தலைமை அலுவலகத்தின் ஆவண அறைக்குப் போக வேண்டுமாம். முப்பத்தொரு பிள்ளைகளை ஒரே பாட்டுப் பாடி மத்தியானம் தூங்க வைக்கத் தெரிந்தவருக்குக் கோப்பு அலமாரிக்குள் என்ன வேலை ஐயா? அங்கே எல்லாம் ஏற்கெனவே தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. என் மனுக்களும் அங்கேதான் இருக்கின்றன.

நேற்று மாலை பள்ளி விட்டதும் வாசலில் காத்திருந்து, எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். “டீச்சர், அந்த மனு எழுதினது நான்தான்.”

அவர் பையை மாட்டிக்கொண்டே, “தெரியும் சார்” என்றார். “விளக்கம் கேட்டு அனுப்பினப்போ உங்க மனுவோட நகலும் வந்துச்சு. பேரை மறைச்சிருந்தாங்க. கையெழுத்தை மறைக்க முடியுமா? பாப்பாவோட லீவு லெட்டர் எல்லாம் நீங்கதானே எழுதறீங்க? ரொம்ப முத்து முத்தான எழுத்து சார் உங்களுக்கு.”

“அப்புறம் ஏன் டீச்சர் என்கிட்ட ஒண்ணும் கேக்கல?” என்றேன்.

“கேட்டா நீங்க சங்கடப்பட்டு அவளை வேற ஸ்கூலுக்கு மாத்திடுவீங்க. முதல் ரெண்டு மாசம் அவ யார்கிட்டயும் பேசலை, ஞாபகம் இருக்கா? அந்தக் குழாய் விளையாட்டு வந்தப்புறம்தான் வாயைத் திறந்தா. முதல்ல பேசினதே ‘நகருங்க நகருங்க’தான். இப்பத்தான் நாலு பேரு சிநேகமாயிருக்காங்க. அதைக் கெடுக்க மனசு வரல சார்.”

தனக்கு எதிராக எழுதியவன் யார் என்று தெரிந்த பிறகும், அவன் பிள்ளைக்கு மூன்று வாரமாகக் கை பிடித்து ‘அ’ எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. நான் வெட்கப்படுகிறேன் ஐயா. அலுவலக மொழியில் இதற்கு வேறு சொல் இருந்தால் அதைப் போட்டிருப்பேன்.

8. எனவே, தாங்கள் கருணை கூர்ந்து செய்ய வேண்டியவை:

அ) என் 3ஆம் தேதி மனுவை, தண்ணீர்க் கணக்கு உட்பட முழுவதும் தவறானது என்று பதிவு செய்து, தள்ளுபடி செய்ய வேண்டும்.

ஆ) டீச்சரின் பணிமாற்றத்தை வெள்ளிக்கிழமை மாலைக்குள் ரத்து செய்ய வேண்டும். இதுதான் அவசரம். மற்றவை தாமதமானால் பொறுத்துக்கொள்வோம்.

இ) தொட்டியின் சீலை அகற்ற வேண்டும். ஆள் அனுப்ப நேரமில்லை என்றால் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். கிழிக்க முப்பத்தொரு பேர் தயாராக இருக்கிறார்கள்.

ஈ) யாரிடமாவது விளக்கம் கேட்டே ஆக வேண்டுமென்றால், என்னிடம் கேளுங்கள். நான் ஒரே வரியில் முடிக்க மாட்டேன்.

முன்பு கையெழுத்திட்ட பதினோரு பெற்றோரிடமும் நேற்று இரவு மறுபடி போனேன். நடந்ததைச் சொன்னேன். இரண்டு வீட்டில் நன்றாகத் திட்டு வாங்கினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள். பன்னிரண்டாவது கையெழுத்து என் மனைவியுடையது. தாள் இணைக்கப்பட்டுள்ளது.

ஐயா, தாங்கள் எதுவும் செய்யாமல் விட்டாலும் திங்கட்கிழமை காலை அந்தக் கதவு திறக்கும். முப்பத்தொரு பிள்ளைகளும் வந்து, செருப்பை வரிசையாக விட்டுவிட்டு, டீச்சர் எங்கே என்று கேட்பார்கள். அங்கே நிற்கிற பெரியவர்களில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். விடிய விடிய உட்கார்ந்து அந்தப் பதிலை எழுதிப் பார்த்தேன். ஒரு வரிகூட வரவில்லை. அந்த வரியை எழுத வேண்டிய நிலைக்கு என்னை விட்டுவிடாதீர்கள்.

தவறை ஒப்புக்கொண்டு,
பள்ளி வாசலில் தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
சிட்டு அப்பா

இடம்: பள்ளி வாசல்
நாள்: 6ஆம் தேதி, புதன்கிழமை காலை