அஞ்சு நட்சத்திர ஓடுகாலி

சின்னவளுக்கு அம்மா எழுதறது. இங்க அப்பாவும் நானும் நல்லா இருக்கோம், அவர் முழங்கால் மட்டும்தான் சொன்ன பேச்சு கேக்கறதில்ல. நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கியான்னு மட்டும் எழுது, என்ன படம் பாக்கணும்னு எழுதாத, அதை நீ பத்திரிகையில எழுதறதே தாங்கல. கட்டாயம் பார்க்க வேண்டிய படங்கள்னு நீ போடறதை அப்பா ஒண்ணு விடாம பாக்கறார். அந்தக் கொலைப் படம் இருக்கையின் நுனிக்கே கொண்டு வந்துடும்னு எழுதியிருந்தியே, கொலைகாரன் அந்தப் பல் டாக்டர்தான்னு பாதிக்கு முன்னாடியே சொல்லிட்டு அவர் நல்லா சாய்ஞ்சு குறட்டை விட்டார், கடைசியில பல் டாக்டரேதான். அது போகட்டும். பரிசெல்லாம் வாங்கின படம்னு ஒண்ணுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டியே, அதுக்காகத்தான் உக்காந்து எழுதறேன்.

நீ டைலரக்கான்னு கூப்பிடுவியே, கீழ் வீட்டுக்காரி, அவ புருஷன் ரெண்டு பிள்ளைகளையும் அவளையும் விட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லாம போனப்ப நீ காலேஜ்ல இருந்தே. மெஷினை மிதிச்சே ரெண்டையும் ஆளாக்கிட்டா. போன மாசம் அந்த மனுஷன் போன் பண்ணி, திரும்பி வரட்டுமான்னு கேட்டிருக்கார். ஏன் போனீங்கன்னு இவ கேட்டதுக்கு, எனக்குச் சொல்லத் தெரியல, இதைப் படின்னு ஒண்ணை அனுப்பியிருக்கார். என்னன்னு பாத்தா அந்த அஞ்சு நட்சத்திரப் படத்துக்கு நீ எழுதின விமர்சனம். குடும்பத்தை விட்டு நடந்து போற ஒருத்தன் கதை, அதுக்குத் தன்னைத் தேடிச் செல்லும் மனிதனின் துணிச்சல்னு தலைப்பு வேற. ஜன்னல் வழியா வர்ற வெளிச்சத்துக்கு ஒரு பத்தி, அவன் மௌனத்துக்கு ரெண்டு பத்தி, அவன் விட்டுட்டு வந்தவளுக்கு ஒரு வரி கூட இல்ல. அதைப் படிச்சுட்டு இவ பாதி இளகிட்டா. இவ்வளவு படிச்ச பொண்ணு சொல்லுது, அவர் மனசுல ஏதோ இருந்திருக்கும், எனக்குத்தான் புரியலையோன்னு சொல்லிக்கிட்டு அவர் போனதுலேர்ந்து பூட்டிக் கிடந்த அறையைக் கழுவி விட்டா.

அந்தக் கண்றாவிப் படத்தைப் பாத்துடலாம் வான்னு நான்தான் கூட்டிட்டுப் போனேன். கதாநாயகன் நடக்கறான், நிக்கறான், தண்ணியை வெறிக்கறான், மறுபடி நடக்கறான், சட்டை மட்டும் கசங்கவே இல்ல. இதை யாரு இவனுக்குத் தேச்சுக் கொடுக்கறதுன்னு அவ என் காதுல கேட்டா, ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கல. பின்னால இருந்த தாடிக்காரன் ஒருத்தன், இது ஆழமான படம், அமைதியா பாருங்கன்னான். இவ திரும்பி, தம்பி, நீ இன்னிக்குத்தான் பாக்கற, நான் வருஷக்கணக்கா பாக்கறேன்னா. படத்துல அவன் பொண்டாட்டி வர்றது ஒரே தடவை, கதவைத் திறந்து பாத்துட்டு அழறா, அவ்வளவுதான். அங்க இவ சிரிக்கல. மறுநாள் காலையில அந்தப் பிள்ளைங்களுக்கு யார் தலை வாரிவிட்டான்னு காட்டவே இல்லையேன்னா.

வீட்டுக்கு வந்ததும் என் முன்னாடியே அவருக்குப் போன் போட்டா. கத்தப் போறான்னு நெனச்சேன், குரலைக்கூட உசத்தல. நீங்க சொன்ன படத்தைப் பாத்தேங்க, நல்ல படம், அதுல அவர் கடைசி வரைக்கும் திரும்பி வரல, நீங்களும் அப்படியே இருங்கன்னு சொல்லிப் போனை வெச்சுட்டா. அப்புறம் தையல் மெஷினை அந்த அறைக்கு மாத்தணும், ஒரு பக்கம் பிடிங்கன்னு என்னைக் கூப்பிட்டா.

உனக்கு நன்றி சொல்லச் சொன்னா. நீ எழுதலேன்னா படத்துக்குப் போயிருக்க மாட்டாளாம், போகலேன்னா கதவைத் திறந்திருப்பாளாம். சொல்லிட்டேன், என் பங்குக்கு நன்றி கிடையாது. இனிமே எவனாவது வீட்டை விட்டுப் போற படத்துக்கு நட்சத்திரம் போடறதுக்கு முன்னாடி, அந்த வீட்டுக்குள்ள ஒரு தடவை எட்டிப் பாரு.

நீ எழுதறதை நாலு பேர் நம்பறாங்க, அதுக்குத் தகுந்த புத்தியும் உனக்கு வரணும், நீ எந்தக் குறையும் இல்லாம இருக்கணும். ஈரத் தலையோட வெளிய போகாத. ஞாயித்துக்கிழமை அப்பாவோட பேசு, கோபம் எனக்குத்தான், அவருக்கு இல்ல.

இதை எழுதினது, இன்னும் ஆத்திரம் அடங்காத உன் அம்மா.