முதல் வரியில் இருந்த பெயர்

மார்ச் 3

வாஷிங் மெஷின் மறுபடி நின்றுவிட்டது. மெக்கானிக்குக்காகக் காத்திருந்தபோதுதான் செய்தியைப் பார்த்தேன். ஒரு பெரிய நிறுவனம் தன் ஊழியர்களுக்கு நடத்திய ஹேக்கத்தானில், அதாவது இரண்டே நாளில் கம்ப்யூட்டர் நிரல் எழுதிக் காட்டும் போட்டியில், தேதிகளைக் கணக்கிடும் நிரல் ஒன்றுக்கு முதல் பரிசு. "ஓப்பன் சோர்ஸ் உலகத்துக்கு எங்கள் அன்பளிப்பு" என்று வேறு போட்டிருந்தார்கள். திறந்து பார்த்தேன். என்னுடையது! எட்டு வருடமாக நான் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தது. ஒரே நிபந்தனை, முதல் வரியில் இருக்கும் என் பெயரை எடுக்கக் கூடாது. அதைத்தான் எடுத்திருக்கிறார்கள். சோதனைக்காக நான் போட்டிருந்த அம்மாவின் பிறந்த தேதி மட்டும் அப்படியே இருக்கிறது. திருடத் தெரிந்தவர்களுக்குத் துடைக்கத் தெரியவில்லை.

மார்ச் 6

புகாருக்குப் பதில் வந்தது: "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. டி-ஷர்ட் அனுப்புகிறோம், அளவு சொல்லுங்கள்."

இருக்கட்டும்.

மார்ச் 9

அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவு, அடுத்த ஹேக்கத்தானுக்கு என்னை நடுவராக அழைத்திருக்கிறது! புகார் எழுதியவள் நான்தான் என்று தெரியவில்லை போல. என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். "அங்க போய்க் கத்திடாத."

"கத்த மாட்டேன். சிரிச்சுக்கிட்டே செய்வேன்."

மார்ச் 21

ஹேக்கத்தானில் முதலில், போன முறை ஜெயித்த பெண் மேடையில் அந்த நிரலை விளக்கினாள். மைக்கை வாங்கினேன்.

"உள்ள ஒரு பிறந்த தேதி இருக்கே, யாரோடது?"

"சும்மா ஏதோ ஒரு தேதி மேடம்."

"எங்க அம்மாவோடது."

எட்டு வருடப் பழைய என் பக்கத்தைத் திரையில் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மேலாளரைப் பார்த்தாள். அவர் உடனே எழுந்து, "இது பெரிய தப்பு, நடவடிக்கை எடுப்போம்" என்றார். எனக்கு அப்படியொரு குளிர்ச்சி! வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்.

மார்ச் 24

அந்தப் பெண்ணை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். போட்டிக்காக அவள் முதலில் மேலாளரிடம் கொடுத்த நிரலின் பிரதியும் கூட இருந்தது. முதல் வரியில் என் பெயர். முழுசாக. அதற்கு மேலாளர் எழுதிய பதில்: "மேலே இருக்கும் பெயரை எடுத்துவிடு. இரண்டே நாளில் எழுதியது என்றால்தான் மதிப்பு."

கடைசியில் ஒரு வரி: "அந்தக் கேள்வியை நீங்க பக்கத்துல இருந்தவர்கிட்ட கேட்டிருக்கணும், அக்கா."

சோறு இறங்கவில்லை. யாரை அடித்துவிட்டு வந்து ஐஸ்கிரீம் தின்றேன்? அந்த ஆளும் என் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினானே, பாவி!

மார்ச் 26

அவளுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்று சொல்லவில்லை, "ம்" என்றாள். அந்த மேலாளர் எழுதிய பதிலை எல்லோரும் பார்க்கும்படி போடட்டுமா என்று கேட்டேன். உன் பெயரை மறைத்துவிடுகிறேன், அடுத்த வேலைக்குத் தொந்தரவு வரக் கூடாது என்றேன்.

"போடுங்க. ஆனா என் பேரை எடுக்காதீங்க."

மார்ச் 27

காலை பத்து மணிக்குப் போட்டேன். மதியத்துக்குள் மேலாளர் ஏழு முறை கூப்பிட்டுவிட்டார். எடுக்கவில்லை. எட்டாவதாக வந்த அழைப்பு அவளிடமிருந்து: "எனக்கும் போன் அடிக்கிறாரு அக்கா. அடிக்கட்டும்."