கீழே காத்திருக்கும் அக்கா மகன்

மார்ச் 4

இந்தக் குறிப்பேட்டின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இனி எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. எழுதும் நானே நம்பவில்லை.

ரயில் நிலைய ஒலிபெருக்கியில் அறிவித்து, பாதி உலகத்தை நடைமேடை மாற்றி ஓடவிட்ட குரல் இது. ஓய்வு பெற்றபின், போன வாரம் முழுக்க அது பேசியது ஒரே வாக்கியம். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம், "மெல்ல வைங்க."

மனச்சோர்வுக்கு மாத்திரைகள் எல்லாம் தோற்றுவிட்டன. அதனால் கெட்டமைன் என்ற மயக்க மருந்து. மாடியிலிருக்கும் கிளினிக்கில், கையில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள்.

"கூட யாரு வந்திருக்கா ஐயா? ஏத்தினா ரத்த அழுத்தம் ஏறும், தலை சுத்தும். தனியா விடமாட்டோம்" என்றார் நர்ஸம்மா.

"அக்கா மகன் கீழ கார்ல இருக்கான்."

வாய் தானாகச் சொன்னது. கறுப்புக் கார் என்றும் சேர்த்துக்கொண்டது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மார்ச் 7

மருந்து ஏறியதும் சந்திரனில் இறங்கினேன். அங்கேயும் வண்டி தாமதம்.

இன்று காலையில் ஜன்னலைத் திறந்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு? மருந்து வேலை செய்கிறது போல.

மார்ச் 11

அக்கா மகன் வளர்ந்துகொண்டே போகிறான். இன்றைய நிலவரம்: உயரம் ஆறடி மூன்றங்குலம், தொழில் விமானி. மாமனுக்காக ஒரு விமானத்தையே தரையில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறான். "கொடுத்து வச்சவர் ஐயா நீங்க" என்றார் நர்ஸம்மா. நானும் அடக்கத்தோடு தலையாட்டினேன்.

நிஜமான அக்கா மகன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். ஐந்தடி தேறினால் பெரிது. அக்கா போனபிறகு அவன் பேசவில்லை. நானும்தான்.

கிளினிக்கிலிருந்து பேருந்தில்தான் வந்தேன். கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மார்ச் 14

மணிக்கட்டில் கட்டு. இடது கையால் எழுதுகிறேன் – கோழி கிளறியதுபோல் இருக்கிறது.

சொட்டு முடிந்தபின் அழுத்தம் இறங்கும்வரை படுக்கவைத்துப் பார்க்க வேண்டுமாம். ஆனால் அடுத்த நோயாளி வாசலில் நிற்கிறார், இருப்பது ஒரே கட்டில். நர்ஸம்மா கருவியைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு. பரவால்ல, வேற யாருன்னா அனுப்பமாட்டேன். உங்களுக்குத்தான் அப்படி ஒரு ஆள் இருக்காரே, பாத்துக்குவாரு."

அவன் எவ்வளவு உயரம் வளர்ந்தானோ அவ்வளவு சீக்கிரம் என்னை வெளியே அனுப்பினார்கள். நான் பொய் ஊட்டி வளர்த்த ஆள்தான் என்னைத் தள்ளிவிட்டான்.

படிகள் மீன்களாகி நீந்தின. எந்த மீனின்மேல் கால் வைப்பது? விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு, இரண்டும் மூடியிருந்தன. கூப்பிடலாம் – யாரை? பெயர் ஒன்றும் வரவில்லை.

சாப்பிட இறங்கிய நர்ஸம்மா கண்டுபிடித்தார்.

"ஐயோ! உங்க மருமகன் எங்க?"

"வண்டிய நிறுத்தப் போயிருக்கான்."

"எப்போ?"

சட்டைக் கையால் வாயைத் துடைத்தேன். உதட்டில் ரத்தம். அவர் டிபன் டப்பாவை வைத்துவிட்டு என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். வெகுநேரம் என் கையை விடவில்லை.

மார்ச் 15

ஜன்னலைத் திறக்கவில்லை.

மார்ச் 18

நர்ஸம்மா போனில்: "இனிமே கூட வர்றவங்க மேலயே வரணும். எங்க கையிலேர்ந்து உங்க கையைப் புடிச்சு வாங்கிட்டுப் போகணும். அழுத்தம் இறங்காம யாரையும் அனுப்பறதில்ல. ஆள் இல்லன்னா மருந்தும் இல்ல. டாக்டர்கிட்ட சண்ட போட்டு வாங்கின விதி ஐயா. அன்னிக்கு நானே ஒரு தடவ கீழ எட்டிப் பாத்திருக்கணும்."

நியாயமான விதி. அதில் என்னைப்போன்றவனுக்குத்தான் இடமில்லை. மருந்து நின்றால் மறுபடி அந்த மூடிய ஜன்னல்தானா?

போனில் எண்களைத் தேடினேன். கேஸ் ஏஜென்சி. பிளம்பர். செத்துப்போன இரண்டு நண்பர்கள். அப்புறம் அவன்.

மார்ச் 19

கூப்பிட்டேன்.

"மாமா, இது எந்தக் கத? போன தடவ சர்க்கஸ் சிங்கம் உங்க செருப்பத் தூக்கிட்டு ஓடிருச்சுன்னீங்க."

அதைவிடப் பெரிய சிங்கம் ஒன்று நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன்.

"டேய்... கூட வர ஆள் இல்லடா. விழுந்துட்டேன்."

அந்தப்பக்கம் எஞ்சின் சத்தம் நின்றது.

"எத்தன மணிக்கு வரணும்?"

மார்ச் 21

வந்தான். நர்ஸம்மா தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதிக நேரம் ஆகவில்லை, அவ்வளவுதான் நீளம். "நீங்கதான்... விமானம்?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கொஞ்சம்கூடச் சிரிக்காமல், "கீழ நிறுத்தியிருக்கேங்க."

எங்கள் வம்சம்.

அழுத்தம் இறங்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் கண் திறந்தபோது வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான், அக்கா மாதிரியே. நர்ஸம்மா அவனை எழுப்பி, என் கையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். படிகள் மீனாகவில்லை.

பயணிகளின் கனிவான கவனத்திற்கு: கறுப்புக் கார், விமானம், சந்திரன், ஆறடி மூன்றங்குலம் ஆகிய அனைத்தும் ரத்து செய்யப்படுகின்றன. அக்கா மகன் காத்திருக்கிறான் என்ற அறிவிப்பு மட்டும் நிஜம். சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது.