உப்புக்கோழிக்கு அடியில் ஒரு வரி

கடைப் பரணில் கிடந்த அட்டைப்பெட்டியை போன வாரம் ஒரு மத்தியானம் இறக்கித் தட்டினேன். உள்ளேயிருந்து நெல்லிக்காய் அளவில் ஒரு கறுப்பு ரப்பர் உருண்டை விழுந்து, ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில் உருண்டு போனது. பழைய மவுஸின் வயிற்றுக்குள் இருந்த உருண்டை. குனிந்து எடுத்துக் கைக்குட்டையில் துடைத்தேன். துடைத்த பிறகுதான் தெரிந்தது, அது உன்னுடைய பழக்கம். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் மவுஸைக் கவிழ்த்து, மூடியைத் திருகி, உருண்டையைத் துடைத்து, உள்ளே இருக்கும் கம்பிகளில் சுற்றிய அழுக்கை நகத்தால் சுரண்டிவிட்டுத்தான் நீ வேலையைத் தொடங்குவாய். என் கடைக்கு வந்த வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை.

"சவத்தத் தூக்கி வெளிய போடுங்க" என்றாள் ஸ்டெல்லா. என் வீட்டுக்காரிக்குப் பழைய பொருளைக் கண்டால் ஆகாது.

"இதாக்கும் இந்த ஜில்லாவுக்கு வந்த முதல் மவுஸ்" என்றேன்.

அவள் துடைப்பத்தை எடுக்கப் போய்விட்டாள். ஆனால் மூலைக் கேபின் இருந்த இடத்திலிருந்து உன் குரல் கேட்டது. "ஆரு சொன்னது? எங்க வச்சு சொன்னது?"

அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். இன்னொரு காரணமும் உண்டு. உன் இணையதளத்தில் இருந்த கதைகளை நினைவிலிருந்து எழுதித் தரும்படி ஒரு அம்மா என்னைக் கேட்டிருக்கிறாள். கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டுமாம். என்னிடம்! எழுத உட்கார்ந்தால் கை தன்னால் நாலு வார்த்தை சேர்த்துக்கொள்கிறது. உன் கதைகள் உன் கதைகளாக அங்கே போய்ச் சேருமா, என் கதைகளாகிப் போய்விடுமா என்பதுதான் இப்போது என் கவலை.

2004-இல் நான் துபாயிலிருந்து திரும்பிப் புதுக்கடையில் இன்டர்நெட் சென்டர் திறந்தபோது ஜில்லாவே திரண்டு வந்தது. குழித்துறையிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். ரிப்பன் வெட்டியது மந்திரி. சரி, முறைக்காதே. பங்குச் சாமியார் வந்தார், ஜெபம் பண்ணினார், ஏழெட்டுப் பேர் லட்டு தின்றார்கள். போர்டில் என் பெயருக்குக் கீழே 'துபாய் ரிட்டர்ன், கம்ப்யூட்டர் இன்ஜினியர்' என்று எழுதி வைத்திருந்தேன். அங்கே நான் கம்ப்யூட்டர் கடையில் பெட்டி தூக்கியவன் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பதாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். அதற்குப் பிறகு நீ காலேஜ் போய்ப் படித்து, காலேஜிலேயே இங்கிலீஷ் வாத்தியார் ஆனாய். நான் படிப்பை விட்டு உலகத்தைப் படிக்கப் போனேன்.

காலேஜ் விட்டதும் நேராக என் கடைக்கு வந்துவிடுவாய். உலகத்தில் மாயக்கதை படிக்கிறவர்களுக்கெல்லாம் சொந்தமாக ஒரு தளம் இருந்த காலம் அது. நீ 'மிகுபுனைவு' என்பாய், நான் 'மாயக்கதை' என்பேன், கடைக்கு வருகிறவர்கள் 'பேய்க்கதை' என்பார்கள். நீ ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவாய். எங்கேயோ ஒரு பல் டாக்டர், உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு நாட்டுக்கு வரைபடம் போட்டு, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் குதிரையில் எவ்வளவு தூரம் என்று எழுதி வைத்திருப்பார். கதைகளில் வரும் வாள்களுக்கு மட்டும் ஒருத்தன் பக்கம் வைத்திருப்பான். பின்னணியெல்லாம் கறுப்பு, அதில் நட்சத்திரம் மின்னும், ஓரத்தில் ஒரு டிராகன் நின்ற இடத்திலேயே சிறகடிக்கும். கடைசியில் வருகைப் பதிவேடு. வந்தவர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் எழுதிப் போவார்கள்.

"இவங்களுக்கு இதுல என்ன கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் கிடைக்காது. ஆனா பாரு மக்கா, இந்த மனுஷன், இல்லாத ஒரு ஆத்துக்குப் பேரு போட்டிருக்காரு. எந்தப் புத்தகத்துல, எந்தப் பக்கத்துல அந்த ஆறு வருதுன்னு அடியில எழுதாம விடல்ல."

எனக்கு அது அன்று வேடிக்கையாக இருந்தது. இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசும்போது அவ்வளவு உண்மையாக இருந்த கூட்டத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. இருக்கிற பொருளை விற்கிறவர்கள் எவ்வளவு பொய் சொல்வார்கள் என்று துபாயில் பார்த்தவன் நான்.

நீயும் ஒரு தளம் கட்டினாய். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ். புத்தகங்களில் வரும் மாயங்களை ஒரு வரிசையிலும், நம் பக்கத்தில் நீயே போய்க் கேட்ட கதைகளை அவற்றுக்கு எதிர் வரிசையிலும் வைத்தாய். குளச்சல் துறைமுகத்தில் ஆளில்லாமல் நடக்கும் மீன் ஏலம். கரையில் நிற்பவன் விலை கேட்டால் கடல் பக்கத்திலிருந்து பதில் வரும். குழித்துறை ஆற்றில் ஆளை விட்டுவிட்டு நிழலை மட்டும் அக்கரைக்குக் கொண்டுபோகும் ஓடக்காரன். ஒவ்வொரு கதைக்கும் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: சொன்னவர், இடம், நிலை. நிலை என்றால் அந்தக் கதை எப்படி வந்தது என்பது. 'பாட்டனிடம் கேட்டது' என்று இருக்கும். 'புத்தகத்தில் படித்ததாக இருக்கலாம்' என்று இருக்கும். ஓடக்காரன் கதைக்கு நீ போட்டிருந்தது 'சொன்னவருக்கே சந்தேகம்'.

அந்தத் தளத்தை என் கடையிலிருந்த எல்லாக் கம்ப்யூட்டரிலும் முதல் பக்கமாக வைத்தேன். யார் எந்த மெஷினைத் திறந்தாலும் உன் டிராகன்தான் வரவேற்கும். அது எவ்வளவு பெரிய வினையாக முடியும் என்று அப்போது தெரியவில்லை.

ஒரு பிற்பகல் கரண்டு போய்விட்டது. நாம் பழம்பொரி தின்றுகொண்டிருந்தோம்.

"குளச்சல்ல உன் மாமா ஒருத்தர் கதை சொல்லுவாருன்னு சொல்லுவியே. அதுல வல்லதும் ஓர்மை உண்டா மக்கா?" என்று கேட்டாய்.

ஓர்மையா? எனக்கா? உடனே ஆரம்பித்தேன். கடற்கரையில் உப்புக்கோழி என்று ஒன்று உண்டு. இறகு, கொண்டை, கால் எல்லாம் உப்பு. கரையில் காயப்போட்ட வலையில் படிந்த உப்பிலிருந்து பிறக்கும். போன வள்ளம் திரும்பாமல் இருந்தால், எந்தத் திசையில் அது கிடக்கிறதோ அந்தத் திசையைப் பார்த்து நின்று கூவும். ஆனால் மழை விழுந்தால் கரைந்து போகும். அதனால் மழைக்காலத்தில் காணாமல் போனவர்கள் எந்தத் திசையில் இருக்கிறார்கள் என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது.

நீ தின்பதை நிறுத்திவிட்டாய். "ஆரு சொன்னது?"

"மாமாதான்."

"எங்க வச்சு?"

"குளச்சல் கடப்புறத்துல வச்சு. ஏலம் முடிஞ்ச நேரம்."

"லேய், இது நீ இப்ப உண்டாக்குனதாக்கும்."

"எப்பிடிலே சொல்லுக?"

"கதைக்கு நடுவில மேல பாத்துப் பாத்து யோசிச்சியே. கரண்டு இல்லாத ஃபேன்ல என்னத்தலே பாத்த?"

நான் சிரித்துவிட்டேன். "கொள்ளாமா? நல்லாருக்கா?"

"நல்லாக் கொள்ளாம். தளத்துல போடப் போறேன்."

போட்டாய். தமிழ்ப் பக்கத்தை நானே வாசித்தேன். கதை ஜோராக இருந்தது. அடியில் அந்த வரி: 'சொன்னவர்: சேவியர், இணைய மையம் நடத்துபவர். இடம்: அவருடைய கடை, புதுக்கடை. நிலை: சொல்லும்போதே உண்டாக்கியது.'

அன்று சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லா மெஷினிலும் முதல் பக்கம் அதுதானே! பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த ஒருத்தன் போர்டைக் காட்டிக் கேட்டான்: "சேவியரண்ணே, துபாய் இன்ஜினியர் கதைக்கு நிலை என்னவாக்கும்?" கடையே சிரித்தது. ஸ்டெல்லாவும்தான்.

நீ வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அந்த வரிய எடு."

"எடுக்கலாம். வரி போனா கோழியும் போவும்."

"கோழி நிக்கட்டும். வரி போட்டும்."

"அது நடக்காது மக்கா. மத்தவங்கல்லாம் கேட்டதச் சொன்னவங்க. உன் கோழிய அந்தக் கூட்டத்துல ஒளிச்சு நிறுத்துனா, நாளைக்கு அவங்க சொன்னதையும் ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"அப்போ நான் பொய்யன்?"

"உண்டாக்கினவன்னுதான் எழுதியிருக்கேன். பொய்யன்னு எங்க எழுதியிருக்கேன்? காட்டு."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று எனக்குப் புரியவில்லை. எல்லா மெஷினிலும் முதல் பக்கத்தை மாற்றிவிட்டேன். நீ குழித்துறையில் வேறு சென்டருக்குப் போக ஆரம்பித்தாய். மூலைக் கேபினில் உட்காருகிறவர்கள் மவுஸ் ஓடவில்லை என்று மேசையில் தட்டினார்கள். உருண்டையைத் துடைக்க ஆளில்லை.

நீ திரும்பி வந்த அன்று அப்படி ஒரு மழை. குடை பின்பக்கமாகத் திரும்பி, சட்டை உடம்போடு ஒட்டி, மின்னல் வெட்டுகிற வேளையில் வாசலில் வந்து நின்றாய். பிரிண்ட் எடுத்த ஒரு தாளை மட்டும் நனையாமல் சட்டைக்குள் வைத்திருந்தாய். குளிர் நாடு ஒன்றில் இருக்கும் ஒரு பேராசிரியை எழுதியது. கதைகளில் மட்டும் வாழும் மிருகங்களுக்கென்று அந்த அம்மா ஒரு தளம் நடத்துகிறாள். நீ வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாய்.

"பழைய மிருகங்கள முதல்ல ஆரு சொன்னதுன்னு தேடித் தேடி எனக்கு வயசாயிட்டுன்னு எழுதியிருக்காங்க. ஒரு மிருகம் பிறந்த கடையும், பிறந்த மத்தியானமும், அதப் பெத்தவரும் தெரியுறது இந்த ஒண்ணுலதானாம்."

"பெத்தவருன்னா?"

"நீதாம்லே. அவங்க தளத்துல வைக்க உன் அனுமதி வேணுமாம்."

"யோசிச்சுச் சொல்லுகேன்னு எழுது."

"எவ்வளவு நேரம் யோசிப்ப?"

"பழம்பொரி வாறது வரைக்கும்."

அதற்குப் பிறகு என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. முதல் பக்கத்தை மறுபடியும் மாற்றினேன். கடைக்கு வந்தவர்களை உட்கார வைத்து, கதையைத் தாண்டி அடியில் இருக்கும் வரியை வாசிக்கச் சொன்னேன். வாசித்த பிறகுதான் அவர்கள் மெயில் பார்க்கலாம். எனக்கு வெளிநாட்டில் சிலை வைப்பது பற்றிப் பேச்சு நடப்பதாகவும் சிலரிடம் சொன்னேன். நீ மூலைக் கேபினிலிருந்து திரும்பாமலே, "நிலை?" என்று மட்டும் கேட்பாய்.

பிறகு ஒரு நாள் காலேஜில் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது உனக்கு நெஞ்சு வலித்ததாம். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இந்த இடத்தில் நான் எதையும் சேர்க்கவில்லை.

உன் காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச காலம் கழித்து உன் வீட்டுக்காரி கடைக்கு வந்தாள். "அவங்க என்னல்லாமோ எழுதி வச்சிருந்தாங்களே அண்ணா, அதத் தெறந்து காட்டுவீங்களா?" திறந்தேன். பக்கம் இல்லை என்று வந்தது. அடுத்த மெஷினில் போட்டேன். அங்கேயும் இல்லை. உன் தளத்துக்கு இலவசமாக இடம் கொடுத்திருந்த கம்பெனி அந்தக் கடையையே மூடிவிட்டதாம். முன்கூட்டியே எல்லோருக்கும் மெயில் அனுப்பியிருந்தார்களாம். உனக்கும் வந்திருக்கும். நீ இல்லாத உன் மெயிலுக்குள் அதை யார் திறந்து பார்ப்பது?

"கரண்டு சரியில்ல, நாளைக்கு வாம்மா" என்றேன்.

அவள் மேலே பார்த்தாள். "ஃபேன் ஓடுதே அண்ணா" என்றாள்.

ஒரு கதைகூடப் பாக்கியில்லை. மீன் ஏலம் போயிற்று, ஓடக்காரன் போனான், சிறகடித்த டிராகன் போயிற்று. நீ வெயிலில் அலைந்து, கேட்டு, அடியில் வரி போட்டு வைத்த உண்மைகளெல்லாம் போய்விட்டன. நான் ஃபேனைப் பார்த்து உண்டாக்கிய கோழி மட்டும் அந்தப் பேராசிரியை அம்மாவின் தளத்தில் இன்னும் நிற்கிறது. அதற்கு அடியில் உன் வரி இருக்கிறது. எழுதி வைத்தவர் என்று உன் பெயர் இருக்கிறது. பெயரை அமுக்கினால் எங்கேயும் போகாது. கோழி மட்டும் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரியாமல் நிற்கிறது.

அப்படி அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மா எனக்கு எழுதியிருக்கிறாள். ஸ்டெல்லா பிளஸ் டூ படித்தவள். அவள்தான் வாசித்துச் சொன்னாள். உன் கதைகள் எனக்கு நினைவிருந்தால் எழுதி அனுப்ப வேண்டுமாம், உனக்கென்று ஒரு தனிப் பக்கம் வைப்பார்களாம். மீன் ஏலத்தை எழுதி முடித்து ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன்.

"இஞ்ச பாருங்க, இதுல தங்க மீனு எப்ப வந்துது?" என்றாள். "அவரு எழுதினதுல எல்லாம் வெறும் சாளை மீனாக்கும்."

அவளும் உன் தளத்தை வாசித்திருக்கிறாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தங்க மீனை அடித்துவிட்டுச் சாளை என்று எழுதினேன். ஆனால் கடல் பக்கத்திலிருந்து பதில் வருகிற இடத்தில் ஒரு சங்குச் சத்தம் இருக்கிறது. அது நீ எழுதியதா, நான் சேர்த்ததா என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. எடுக்கவும் மனமில்லை. கடைசியில் அடியில் எழுதினேன்: 'சொன்னவர்: குளச்சலில் ஒருவர். கேட்டு எழுதியவர்: என் நண்பன். நினைவிலிருந்து சொல்பவர்: சேவியர். நிலை: சங்கு மட்டும் சந்தேகம்.' எழுதி முடித்ததும் கதை உன்னுடையதாகிவிட்டது. இப்போது ஓடக்காரனில் இருக்கிறேன். சந்தையில் யாரிடமாவது எதையாவது சொன்னால்கூட, முடித்த பிறகு வாய் தானாக அந்த வரியைச் சொல்லிவிடுகிறது. கேட்கிறவர்களுக்குக் கதையைவிட அதுதான் பிடித்திருக்கிறது.

உருண்டையை மேசையில் வைத்திருக்கிறேன். வெளியே போட ஸ்டெல்லாவும் இப்போது சொல்வதில்லை.

இந்த மடலுக்கு அடியிலும் ஒரு வரி வேண்டும் என்பாய். எழுதிக்கொள்: சொன்னவர் சேவியர். இடம் பழைய இன்டர்நெட் சென்டர், மூலைக் கேபின் இருந்த இடம். நிலை: இது ஜில்லாவின் முதல் மவுஸ் அல்ல. நீ தாளோடு வந்த அன்று மழையும் பெய்யவில்லை, நல்ல வெயில். குடையே உன்னிடம் கிடையாது. அவையெல்லாம் நான் உண்டாக்கியவை. நீ வந்தது உண்டாக்கியதல்ல.